நம்ம குடும்பத்துக்கு ஒரு காலக்கோடு



நம்ம பிள்ளைகள் அரசர்கள் ஆண்ட வருஷத்தையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். "ஒங்க தாத்தா எந்தத் தோட்டத்துலேருந்து வந்தாரு?" என்று கேட்டால் முழிக்கிறார்கள். அவர்கள் மேல் குறை இல்லை. சொல்லத் தெரிந்த பெரியவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் பிள்ளையோடு உட்கார்ந்து இதைச் செய்யுங்கள்.

1. மூன்று பழைய கலண்டர் தாள்களை நீளவாக்கில் ஒட்டி, பின்பக்கத்தில் ஒரு நேர்கோடு போடச் சொல்லுங்கள். ஒரு வருஷத்துக்கு ஒரு சென்ரிமீற்றர். 1945 முதல் 2025 வரை 80 சென்ரிமீற்றர் வரும். அடிமட்டம் வைத்துப் பிள்ளையே அளக்கட்டும், கணக்கும் பழகும்.

2. முதலில் தெரிந்ததைக் குறியுங்கள். பிள்ளை பிறந்தது, அப்பா அம்மா கல்யாணம், அம்மா பேர் பதிந்தது. பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள்.

3. பிறகு கோட்டுக்கு மேலே நாட்டு நடப்பை எழுதுங்கள்:

1948 – பிரஜாவுரிமைச் சட்டம். நம்மவர் பெரும்பாலோர் நாடற்றவர் ஆனார்கள்.
1964 – சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்.
1974 – பஞ்ச காலம்.
1975 – கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது.
1983 – ஜூலைக் கலவரம்.
1992 – தோட்ட நிர்வாகம் திரும்பவும் கம்பெனிகளுக்குப் போனது.
2003 – நாடற்றிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம்.
2020 – கொரோனா.

4. இப்போது அப்பாயியிடம், அம்மாயியிடம் கேளுங்கள். "எந்த வருஷம்?" என்று கேட்டால் "அதெல்லாம் யாரு கண்டா?" என்பார்கள். "பஞ்சத்துக்கு முந்தியா, பிந்தியா? அப்ப எங்க அப்பா தவழ்ந்தாரா, நடந்தாரா?" என்று பிள்ளை கேட்கட்டும். அப்பா பஞ்சத்தில் கைக்குழந்தை என்றால் அவர் பிறந்தது 1973, 74 பக்கம் என்று தெரிந்துவிடும். நிச்சயமில்லாததைப் பென்சிலால் எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போடுங்கள். பத்திரத்தில் ஒரு வருஷம், பெரியவர் வாயில் ஒரு வருஷம் வந்தால் இரண்டையும் எழுதுங்கள்.

ஒப்பந்தத்தில் கப்பல் ஏறிப் போன சொந்தங்கள் பல வீட்டில் உண்டு. கூடலூர், கோத்தகிரி என்று போனவர்கள் இருக்கிறார்கள். போன வருஷத்திலிருந்து ஒரு கிளைக்கோடு இழுத்து, அவர்கள் பேரையும் ஊரையும் எழுதுங்கள். இன்று எழுதாவிட்டால், நாளைக்கு அவர்கள் பேரப்பிள்ளை தேடி வந்தாலும் நம்ம பிள்ளைக்கு அடையாளம் தெரியாது.

ஒன்று கவனியுங்கள். சாவு, கலவரம், மண்சரிவு பற்றிச் சொல்லும்போது பெரியவர் கண் கலங்கினால் அதோடு நிறுத்திவிடுங்கள். இன்னொரு நாள் அவர்களாகவே சொல்வார்கள். கவலையை மட்டும் எழுதவும் வேண்டாம். காமன் கூத்தில் தாத்தா வேஷம் கட்டியது, லயத்துக்குக் கரண்ட் வந்தது, வீட்டில் முதல் பிள்ளை சாதாரண தரம் பாஸ் பண்ணியது எல்லாம் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும்.

முடிந்ததும் அடுப்புப் புகை படாத சுவரில் மாட்டுங்கள். கொப்பி ஒன்றிலும் எழுதி, பத்திரங்களோடு பெட்டியில் வையுங்கள். கோட்டின் கடைசியில் ஒரு சாண் இடம் விடுங்கள்; இனி நடப்பதைப் பிள்ளை எழுதிக்கொள்ளும்.