799 ரூபாய் ஸ்பீக்கரா, 1,799 ரூபாய் ஸ்பீக்கரா? முதல்ல உங்க மணிக்கணக்கை எழுதுங்க

சம்பளம், சேமிப்பு, எஸ்ஐபின்னு பேசுற இடத்துல ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு என்ன வேலைன்னு தோணலாம். பைக் வாங்கணும்னா நாலு ஷோரூம் ஏறி இறங்குறோம். ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய் பொருளை மட்டும் ராத்திரி பதினொரு மணிக்குப் படுத்துக்கிட்டே ஆர்டர் போட்டுடுறோம். மாசம் 22,000 ரூபாய் கையில வாங்குறவருக்கு, 26 வேலை நாள்னு வெச்சா, 1,799 ரூபாய்ங்கிறது ரெண்டு நாளுக்கு மேல உழைச்ச காசு. அதை அரை மணி நேரம் யோசிச்சுச் செலவு பண்ணலாம், தப்பில்லை.

வீடியோவுல நிறைய பேர் கேக்குறது "எந்த மாடல் பெஸ்ட் சார்?"ங்கிற கேள்விதான். அதுக்கு முன்னாடி நான் உங்களை ஒண்ணு கேக்குறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் அந்த ஸ்பீக்கர் ஓடப் போகுது?

மறைமலை நகர்லயோ சிங்கப்பெருமாள் கோவில்லயோ ரூம் எடுத்து, மஹிந்திரா சிட்டிக்கு ஷிஃப்ட் போறவர்னு வெச்சுக்குவோம். காலையில கிளம்பும்போது ஒரு மணி நேரம், சாயங்காலம் சமைக்கும்போதும் சாப்பிடும்போதும் மூணு மணி நேரம். மொத்தம் நாலு. இன்னொருத்தர் செங்கல்பட்டுல இருந்து பீச் லோக்கல்ல தினமும் போய் வர்றார். பாட்டு கேக்குறதெல்லாம் ரயில்லதான். அவருக்கு ஸ்பீக்கர் கணக்குல அந்த நேரம் பூஜ்யம். ரயில்ல ஸ்பீக்கர் போடாதீங்க, ப்ளீஸ். இயர்போன் எதுக்கு இருக்கு? ஆக, அவருக்கு ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம்தான்.

இந்த ரெண்டு பேருக்கும் ஒரே ஸ்பீக்கர் சரி வராது. காரணம் பேட்டரி.

லித்தியம் அயான் பேட்டரியை முழுசா செலவழிச்சு முழுசா நிரப்புனா ஒரு சுற்று. ரெண்டு நாள் பாதிப் பாதியா செலவழிச்சு நிரப்புனாலும் ஒரு சுற்றுதான். பொதுவா 300-ல இருந்து 500 சுற்றுக்குள்ள அதோட கொள்ளளவு 80 சதவீதம் பக்கத்துல இறங்கிடும். அதுக்கப்புறம் சட்டுன்னு செத்துடாது, ஆனா பாட்டு நேரம் குறைஞ்சுகிட்டே வரும். சின்ன ஸ்பீக்கர்கள்ல பேட்டரியை மாத்துறதும் லேசான வேலை இல்லை. பேட்டரி தளர்ந்தா பொருளே முடிஞ்ச மாதிரிதான்.

இப்போ கணக்கு போடுவோம். 799 ரூபாய் ஸ்பீக்கர் 5 மணி நேரம் பாடும், 1,799 ரூபாய் ஸ்பீக்கர் 12 மணி நேரம் பாடும்னு வெச்சுக்கோங்க. ஆயுள் நடுவுல 400 சுற்று. தினமும் நாலு மணி நேரம் கேக்குறவருக்கு முதலாவது ஒரு நாளைக்கு 0.8 சுற்று கரைக்கும், 500 நாள்ல, அதாவது 16 மாசத்துல, தளர்ந்துடும். மாசம் 50 ரூபாய். ரெண்டாவது 1,200 நாள் வரும். பயன்படுத்தாம இருந்தாலும் பேட்டரிக்கு வயசாகும்ங்கிறதால கொஞ்சம் கழிச்சு 36 மாசம்னு வைங்க. அதுவும் மாசம் 50 ரூபாய்தான்! விலை ரெண்டு மடங்குக்கு மேல, மாசச் செலவு ஒண்ணு. அப்போ நல்ல சத்தத்தோட, ஒரே ஒரு தடவை அலைச்சலோட, பெரியதை எடுக்கிறது சரி.

ஞாயித்துக்கிழமை மட்டும் கேக்குறவருக்கு? சுற்றே ஏறாது, ரெண்டுமே வயசாகித்தான் தளரும். ரெண்டுக்கும் அதே மூணு வருஷம்னா 799 ரூபாய் ஸ்பீக்கர் மாசம் 22 ரூபாய், மத்தது 50. இவர் பெருசு வாங்கினா பாதிக்கு மேல வீண். "கொஞ்சம் கூடப் போட்டு நல்லதா வாங்கிடு"ன்னு சொல்ற நண்பரோட அறிவுரை இவருக்குச் செல்லாது.

பெட்டியில போட்டிருக்குற மணி நேரத்தையும் அப்படியே நம்பாதீங்க. ஜேபிஎல் கோ 3-ஐ எடுத்துக்குவோம். பேட்டரி 2.775 வாட்-மணி, சத்தம் 4.2 வாட், பாட்டு நேரம் 5 மணி வரைக்கும்னு கம்பெனியே சொல்லுது. 2.775-ஐ 5-ஆல வகுத்தா சராசரியா அரை வாட்டுக்குக் கொஞ்சம் மேல. அதாவது அந்த 5 மணி நேரம் மிதமான சத்தத்துக்கு. விடாம 4.2 வாட்ல ஓட்டினா 40 நிமிஷம்கூடத் தாங்காது. பாட்டுல சத்தம் ஏறி இறங்குறதால நிஜத்துல அவ்வளவு மோசம் இல்லை, ஆனாலும் மொட்டை மாடியில ஃபுல் வால்யூம் வெச்சா 5 மணி நேரம் கிடைக்கும்னு நினைக்காதீங்க. கம்பெனி மேல குத்தம் இல்லை, "வரைக்கும்"ங்கிற வார்த்தையை நாமதான் படிக்கிறதில்லை.

அடுத்து தண்ணி. திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம், இல்லேன்னா ஈசிஆர்ல கோவளம்னு வாராவாரம் கடற்கரைக்குப் போறவரா நீங்க? அப்போ பெட்டியில ஐபி எண்ணைப் பாருங்க. ஐபி67-ல 7-ங்கிறது ஒரு மீட்டர் தண்ணியில அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம். 6-ங்கிறது தூசி உள்ள போகாதுன்னு. ஐபிஎக்ஸ்7-ன்னு இருந்தா எக்ஸ் இருக்குற இடத்துல தூசிச் சோதனைக்கான எண்ணே இல்லை. கடற்கரை மணல்ல வைக்கப் போறவருக்கு அந்த ஒரு எழுத்து முக்கியம்.

இன்னொண்ணு, இந்தச் சோதனை நல்ல தண்ணியில நடக்குறது, உப்புத் தண்ணியில இல்லை. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலோட எட்டாம் நூற்றாண்டுக் கல்லையே உப்புக் காத்து அரிக்குது. தொல்லியல் துறை காகிதக் கூழ் அப்பி உப்பை உறிஞ்சி எடுக்குறாங்க. நம்ம சார்ஜிங் ஓட்டை எம்மாத்திரம்! ஐபி67 ஸ்பீக்கரா இருந்தா வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணியில அலசி, நல்லா காய்ஞ்ச பிறகுதான் சார்ஜ் போடணும். வெறும் ஐபிஎக்ஸ்4-ன்னா அது தெறிக்கிற தண்ணிக்கு மட்டும்தான், ஈரத்துணியால துடைச்சா போதும். ரூமை விட்டு வெளியே போகாத ஸ்பீக்கருக்கு இது எதுவும் வேண்டாம், அந்தக் காசை பேட்டரியில போடுங்க.

சத்தத்தைப் பத்தி அதிகம் சொல்ல மாட்டேன். உள்ளங்கை அளவு பெட்டியில பேஸ் எதிர்பார்க்காதீங்க. கோ 3 இறங்குறது 110 ஹெர்ட்ஸ் வரைக்கும்தான், பேஸ் கிட்டாரோட தடிச்ச தந்தி 41 ஹெர்ட்ஸ். இளையராஜா பாட்டுல கீழ நடக்குற பேஸ் வேலையில பாதி இதுல கேக்காது. சுவர் மூலையில வெச்சுப் பாருங்க, கொஞ்சம் கனம் கூடும், செலவும் இல்லை. வாட்டேஜ்ல ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்க. பிஎம்பிஓன்னு போட்டிருந்தா கண்டுக்காதீங்க.

கடையில வாங்குறீங்கன்னா உங்க ஃபோன்லயே கனெக்ட் பண்ணி, உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டை ஃபுல் வால்யூம்ல வைங்க. கரகரன்னு அதிர்ந்தா வேண்டாம். அப்புறம் யாராவது பேசுற ஒரு வீடியோ, உதடும் குரலும் ஒண்ணா வருதான்னு பார்க்க. டைப்-சி சார்ஜிங்கா இருக்கணும். ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு பிஐஎஸ் பதிவு கட்டாயம். ஆர் எழுத்துல ஆரம்பிக்கிற 8 இலக்க எண் இருக்கும், அதை பிஐஎஸ் கேர் ஆப்ல போட்டா எந்தக் கம்பெனி, எந்தப் பொருள்னு காட்டும். பேர் தெரியாத மலிவு பிராண்டுகளை வடிகட்ட இது ஒண்ணே போதும்.

வீட்டுக்கு வந்ததும், ரிட்டர்ன் நாள் முடியறதுக்குள்ள, லீவு நாள்ல ஒரு வேலை பண்ணுங்க. முழு சார்ஜ் போட்டு, பாதி வால்யூம்ல விட்டுட்டு மணியைக் குறிச்சு வைங்க. கம்பெனி சொல்ற நேரம் பெரும்பாலும் பாதி வால்யூமுக்கானதுதான், அதனால சாக்கு சொல்ல இடமில்லை. 12 மணி நேரம்னு சொன்னது 7 மணி நேரத்துல அணைஞ்சா, மேல போட்ட மாசக் கணக்கு அத்தனையும் மாறிடும். அன்னிக்கே ரிட்டர்ன் போட்டுடுங்க.