ஹீரோவுக்கு விலக்கு உண்டு, விழுகிறவருக்கு இல்லை

திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை சினிமா. திங்கட்கிழமை காலையில் பவர் டேபிளில் உட்காரும்போது படத்தின் சண்டைக் காட்சியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும். "ஏனுங்ணா, அத்தன ஒசரத்துல இருந்து உழுந்த புள்ளைய ஒத்தக் கையில புடிச்சாரே, அதெப்படிங்?" என்று கைமடிக்கும் தம்பி கேட்பான். "அவரு ஹீரோடா" என்று டெய்லரிடமிருந்து பதில் வரும்.

பதில் பாதிதான் சரி. ஹீரோவுக்கு எந்தச் சக்தியை வேண்டுமானாலும் கொடுக்கக் கதாசிரியருக்கு உரிமை உண்டு. அதில் எனக்கு வழக்கே இல்லை. ஆனால் அவர் பிடித்த பெண்ணுக்கு இருப்பது நம் எல்லோருக்கும் உள்ள கழுத்தெலும்பு. அவர் ஊன்றி நிற்பது சாதாரணத் தரை. அவர் தொடும் கம்பியில் ஓடுவது நம் வீட்டில் ஓடும் அதே கரண்ட். இந்தச் சாதாரணங்களைப் பற்றிப் படம் சொல்லும் பொய்கள்தான் தியேட்டரைத் தாண்டி நம்மோடு வீட்டுக்கு வருகின்றன.

இயற்பியல் படித்தவர்களுக்கான பேச்சு இது என்று இந்த ஊரில் யாரும் ஒதுங்க வேண்டியதில்லை. பனியன் துணியைச் சோதிக்கும் லேபில் நின்று பாருங்கள். வட்டமாக இறுக்கிப் பிடித்த சிங்கிள் ஜெர்சித் துணிக்கு அடியில் ரப்பர் சவ்வு மெல்ல உப்பும். துணி குவிந்து எழும்பும், கண்ணிகள் அகலும், ஓரிடத்தில் ஒரு நூல் அறும், அடுத்த கணம் கிழிசல் ஓடும். எத்தனை கிலோபாஸ்கலில் கிழிந்தது என்று குறித்துக்கொள்வார்கள். குழந்தைச் சட்டையில் அடிக்கும் ஸ்நாப் பட்டன் 90 நியூட்டன் இழுவையை 10 வினாடி தாங்கியாக வேண்டும், இல்லையென்றால் பையர் சரக்கை எடுக்கமாட்டார். விசையை எண்ணில் அளந்து சம்பாதிக்கும் ஊர் இது.

நம்பிக்கை: தரையில் மோதுவதற்கு முன் பிடித்துவிட்டால் உயிர் தப்பிவிடும்.

உண்மை: விழுகிறவரின் உடம்பை உடைப்பது தரையா கையா என்பது அந்த உடம்புக்குத் தெரியாது. எவ்வளவு குறைந்த தூரத்துக்குள் வேகம் பூஜ்யமாகிறது என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கைப் போடப் பேப்பர் பேனாகூட வேண்டாம். மொத்தம் விழுந்த உயரத்தை, நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தால் வகுங்கள். வரும் எண், உடல் எடையைப் போல எத்தனை மடங்கு விசை சராசரியாக அந்த உடம்பில் விழுகிறது என்பதைச் சொல்லிவிடும்.

ஐந்து மாடி என்றால் சுமார் 15 மீட்டர். கீழே வரும்போது வேகம் மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். ஹீரோ கையை நீட்டி அரை மீட்டருக்குள் நிறுத்துகிறார் என்றால், 15-ஐ அரையால் வகுக்க 30 மடங்கு. 60 கிலோ எடையுள்ள பெண்ணின் இடுப்பில் 1,800 கிலோ பாரம் ஏறியதற்குச் சமம். அதுவும் ஒரு கை அகலத்தில். ஹீரோவின் கைக்கு எதுவும் ஆகாது, சரி. அந்தப் பெண்ணுக்கு?

இந்தக் கேள்வியை முகத்துக்கு நேராகக் கேட்ட ஒரு கதை, சூப்பர் ஹீரோ உலகத்திலேயே உண்டு. 1973-இல் வந்த 'அமேசிங் ஸ்பைடர்மேன்' 121-ஆம் இதழில், பாலத்திலிருந்து விழும் காதலி க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடித்துவிடுகிறான். மேலே இழுத்துப் பார்த்தால் அவள் உயிரோடு இல்லை. வலை சட்டென்று நிறுத்தியதில் கழுத்து முறிந்ததுதான் காரணம் என்று அந்தப் பத்திரிகையே பின்னால் வாசகர்களுக்கு விளக்கியது. மின்னசோட்டா பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ஜேம்ஸ் ககாலியோஸ் தன் 'சூப்பர் ஹீரோக்களின் இயற்பியல்' என்ற நூலில் (2005) இந்தக் காட்சியைக் கணக்குப் போட்டு, கதை சரிதான் என்று காட்டினார். எனக்குத் தெரிந்து சூப்பர் ஹீரோ கதைகளிலேயே மிக நேர்மையான பக்கம் அதுதான்.

அந்தப் பெண்ணைக் காப்பாற்ற வழி இருந்தது. வலை நீண்டு கொடுத்திருக்க வேண்டும். மேலே போட்ட ஐந்து மாடிக் கணக்கையே எடுத்துக்கொண்டால், அரை மீட்டருக்குப் பதில் மூன்று மீட்டரில் நின்றிருந்தால் 30 மடங்கு 5 மடங்காகக் குறைந்திருக்கும். இழுத்தால் நீளும் நூலின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1958-இல் ஜோசப் ஷிவர்ஸ் என்ற வேதியியலாளர் டூபாண்ட் நிறுவனத்தில் உருவாக்கியதும், இன்று லைக்ரா என்ற பெயரில் நம் நிட்டிங் மிஷின்களில் பருத்தியோடு ஓடுவதும், தன் நீளத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல் இழுபடும் நூல்தான். சூப்பர் ஹீரோக்களின் இறுக்கமான உடுப்பே அந்த நூலால் ஆனது. ஹீரோவின் உடம்பில் ஒட்டியிருக்கும் அந்த நீட்சி, அவர் பிடிக்கும் கையில் இல்லாமல் போய்விடுகிறது.

நிஜத்தில் உயரத்தில் வேலை செய்கிறவரைக் காப்பாற்றுவது ஒரு தையல். நல்ல சேஃப்டி பெல்ட்டின் கயிற்றோடு ஒரு சிறிய பொதி இருக்கும். உள்ளே பட்டையை மடித்து மடித்துத் தைத்திருப்பார்கள். ஆள் விழுந்து கயிறு இறுகியதும் அந்தத் தையல் ஒவ்வொன்றாகப் பிரிந்துகொண்டே போகும். பட்டை நீளும், நிற்கும் தூரம் கூடும், உடம்பில் விழும் விசை குறையும். ஐரோப்பியத் தர விதிப்படி அந்த விசை 6 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. தையல் விட்டால் டேமேஜ் என்று ஒதுக்கும் ஊர் நம்முடையது. பிரிவதற்கென்றே அளந்து போடும் இந்தத் தையலை ஒரு டெய்லர் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் அருமை நம் எல்லோரையும்விட அவருக்கு நன்றாகப் புரியும். ஒருமுறை பிரிந்த பெல்ட்டை மறுபடி தைத்துப் போடக் கூடாது, தூக்கி எறிய வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

'பாகுபலி 2' (2017) படத்தின் உச்சக் காட்சிக்கும் இதே வகுத்தல்தான். மரத்தை வளைத்து, கேடயங்களைக் கூடாகப் பிடித்த வீரர்களைக் கோட்டைக்குள் எறிவார்கள். சுவர் 20 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், மேலே எறியப்படுவது பிரச்சினை இல்லை. மரம் ஐந்து மீட்டர் தூரம் தள்ளிவிட்டால் ஐந்து மடங்கு எடைதான் ஏறும், போர் விமானிகள் அதைவிட அதிகம் தாங்குகிறார்கள். இறங்குவதுதான் பிரச்சினை. கல் தரையில் முழங்காலை மடக்கி அரை மீட்டரில் நின்றால் 40 மடங்கு. கேடயம் அம்பைத் தடுக்கும், அதற்குள் இருக்கும் உடம்பின் வேகத்தை அது என்ன செய்யும்?

கட்டிங் வேஸ்ட் மூட்டை மேல் விழுந்து எழுந்து ஓடும் காட்சிக்கும் இதைச் சொல்லலாம். உதிரியாகக் குவிந்த வேஸ்ட் அமுங்கும். மிஷினில் அழுத்திக் கட்டிய பேல் கல்லைப் போலத்தான். சண்டைக் கலைஞர்கள் வெற்று அட்டைப் பெட்டிகளை அடுக்கி அதன் மேல் விழுவது, அவை ஒவ்வொன்றாக நசுங்கித் தூரம் கொடுப்பதால்.

நம்பிக்கை: ஹீரோ விடும் ஒரே குத்தில் வில்லன் இருபது அடி பறப்பான்.

உண்மை: தள்ளுகிற விசை இரண்டு பக்கமும் ஒன்றே. 100 கிலோ வில்லன் ஆறு மீட்டர் தள்ளிப் போய் விழ, அவன் வினாடிக்கு 13 மீட்டர் வேகத்தில் கிளம்ப வேண்டும். அப்படியானால் 70 கிலோ ஹீரோ மணிக்கு 67 கிலோமீட்டர் வேகத்தில் பின்பக்கச் சுவருக்குப் போயிருப்பார். தரையில் கால் ஊன்றியிருந்தாலும் செருப்பின் உராய்வு அவ்வளவு தாங்காது. துப்பாக்கிக் குண்டும் அப்படித்தான்: 8 கிராம் குண்டு வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வந்து 70 கிலோ ஆளுக்குள் தங்கினால், அது அவருக்குத் தரும் வேகம் வினாடிக்கு 4 சென்டிமீட்டர். ஆள் நின்ற இடத்திலேயே சரிவார். திரையில் அவரைத் தூக்கி எறிவது இடுப்பில் மாட்டிய ரோப்.

நம்பிக்கை: இப்போதெல்லாம் எல்லாமே கிராபிக்ஸ், யாருக்கும் அடிபடாது.

உண்மை: அந்த ரோப்பின் மறுமுனையில் ஒரு மனிதர் இருக்கிறார். 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் நடந்த ஒரு படப்பிடிப்பில், கார் பறக்கும் காட்சியை எடுக்கும்போது அனுபவம் மிக்க சண்டைக் கலைஞர் ஒருவர் உயிரிழந்தார். கம்ப்யூட்டர் எடையை அழிப்பது திரையில் மட்டும்தான். படப்பிடிப்புத் தளத்தில் காரின் எடை காருக்கு இருக்கிறது, வேகம் வேகமாகவே இருக்கிறது, அதை ஒருவர் தன் முதுகெலும்பில் வாங்குகிறார். சண்டைக் காட்சிக்குக் கைதட்டும்போது அந்தப் பெயர் தெரியாதவர்களுக்கும் சேர்த்துத் தட்டுங்கள்.

நம்பிக்கை: கரண்ட் அடித்தால் தூக்கி எறியும், மன உறுதி இருந்தால் தாங்கலாம், மின்னல் பட்டால் சக்திகூட வரலாம்.

உண்மை: இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒன்று ஆளைக் கொல்லும். 'நரசிம்மா' (2001) படத்தில் விஜயகாந்துக்குப் பதில் டிரான்ஸ்பார்மர் வெடிக்கும் காட்சியை இன்றும் பேசுகிறோம். பேசலாம், ரசிக்கலாம். ஆனால் சாயப்பட்டறையின் ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவரின் உடம்புத் தடை சுமார் 1,000 ஓம் வரை இறங்கிவிடும். 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 230 மில்லிஆம்பியர். இதயத்தைத் தாறுமாறாகத் துடிக்கவைக்க 100 மில்லிஆம்பியரே போதும். இதில் உறுதிக்கு வேலையே இல்லை. இதயம் கேட்பது மூளையின் பேச்சை அல்ல, தன் சொந்த மின் துடிப்பை.

தூக்கி எறியும் என்பதும் பெரும்பாலும் தவறு. 10 மில்லிஆம்பியரைத் தாண்டினாலே கைத்தசை இறுகிக்கொள்ளும். கம்பியைப் பிடித்தவர் விட நினைத்தாலும் விட முடியாது. அவரைக் கையால் இழுக்கப் போகும் நண்பரும் அதே கதிக்கு ஆளாவார். முதலில் மெயினை அணையுங்கள். அது எட்டாத தூரத்தில் இருந்தால் காய்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளுங்கள். 30 மில்லிஆம்பியர் கசிந்தாலே டிரிப் ஆகும் இ.எல்.சி.பி. ஒவ்வொரு அயர்ன் டேபிள் லைனுக்கும் வேண்டும். அடிக்கடி டிரிப் ஆகிறது என்று அதைத் தாண்டி வயர் கொடுப்பவர் மிஷினைக் காப்பாற்றவில்லை, ஆளைப் பணயம் வைக்கிறார்.

மின்னல் கதைக்கு வருவோம். பாசில் ஜோசப்பின் 'மின்னல் முரளி' (2021) எனக்குப் பிடித்த படம். மின்னல் பட்டுச் சக்தி பெறும் அதன் நாயகன் ஒரு தையல்காரன் என்பதால் நமக்குக் கூடுதல் நெருக்கம். ஆனால் மின்னலில் பாய்வது சுமார் 30,000 ஆம்பியர். அது போகும் வழியில் காற்று சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு சூடாகும். இந்தியாவில் ஆண்டுதோறும் 2,000 பேருக்கு மேல் மின்னலால் சாகிறார்கள். பிழைப்பவர்களில் பலருக்கு நரம்புத் தளர்ச்சி, காது மந்தம், மறதி வந்து தங்கிவிடுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் மழைக்குத் தென்னை மரத்தடியில் ஒதுங்குபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

நம்பிக்கை: சூப்பர் ஹீரோ படத்தில் வருவதெல்லாம் புளுகு.

உண்மை: அப்படியும் இல்லை. 'ஸ்பைடர்மேன் 2' (2004) படத்தில் ஓடும் ரயிலை வலையால் நிறுத்துவதை இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழக மாணவர்கள் கணக்கிட்டார்கள். தேவைப்பட்டது சுமார் 3 லட்சம் நியூட்டன். நிஜச் சிலந்தி நூலை அந்தத் தடிமனுக்குத் திரித்தால் அது தாங்கும் என்று கண்டார்கள். அந்தக் காட்சியில் வலை நீள்கிறது, ரயில் மெல்ல நிற்கிறது, உள்ளே இருப்பவர்கள் பிழைக்கிறார்கள். க்வென் ஸ்டேசிக்குக் கிடைக்காத தூரம் அவர்களுக்குக் கிடைத்தது.

நம்பிக்கை: முதுகில் கட்டிய துணி விரிந்து பறக்கும், விழுந்தாலும் தாங்கும்.

உண்மை: பெரியவர்கள் யாரும் இதை நம்புவதில்லை. நம்புகிறவர்களுக்கு ஐந்து வயது. 1997-இல் தூர்தர்ஷனில் தொடங்கிய 'சக்திமான்' ஓடிய காலத்தில், அவன் வந்து காப்பாற்றுவான் என்று நம்பிக் குழந்தைகள் ஆபத்தில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. நடித்த முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி, அப்படிச் செய்யாதீர்கள் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியிருந்தது.

மொட்டை மாடி 6 மீட்டர் உயரம் என்றால் 20 கிலோ குழந்தை தரையைத் தொடும் வேகம் மணிக்கு 39 கிலோமீட்டர். ஒரு சதுர மீட்டர் துணி முழுதாக விரிந்து காற்றைத் தடுத்தாலும் அது 35-க்குத்தான் குறையும். மனிதர் இறங்கும் வட்டப் பாராசூட்டின் குறுக்களவே சுமார் 10 மீட்டர், அதுவும் காற்று எளிதில் புகாத நெருக்கமான நைலான் நெசவு. பின்னலாடைத் துணியோ கண்ணிக்குக் கண்ணி காற்றை விடும். பனியன் உடம்புக்குக் குளிர்ச்சியாக இருப்பதே அதனால்தான்.

முதுகில் கட்டிய அந்தத் துணியால் வரும் ஆபத்து பறப்பதில் மட்டும் இல்லை, கழுத்திலும் இருக்கிறது. முடிச்சுப் போட்ட நாடா சறுக்கு மரத்திலோ வண்டிக் கதவிலோ சிக்கினால் குழந்தையின் மூச்சை நிறுத்திவிடும். அப்படி நடந்த மரணங்களுக்குப் பிறகுதான் 1996-இல் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் குழந்தை உடைகளின் நாடாவுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. ஐரோப்பாவின் இ.என். 14682 விதி, ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் உடையில் கழுத்துப் பக்கம் நாடாவே கூடாது என்கிறது. வேடமணியும் உடைகளுக்கும் அது பொருந்தும். ஏற்றுமதி செய்யும் கம்பெனிகளின் மெர்ச்சண்டைசர்களுக்கும் கட்டிங் மாஸ்டர்களுக்கும் இது நன்றாகத் தெரிந்த விதி.

அந்த விதியை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கும் பொருத்துங்கள். காதர்பேட்டைக் கடைகளுக்கோ பள்ளி ஆண்டு விழாவுக்கோ ஹீரோ உடுப்புத் தைக்கும்போது கழுத்தில் நாடா வைக்காதீர்கள், இழுத்தால் கழன்றுவரும் வெல்க்ரோ வையுங்கள். வாங்குகிறவர்கள் கடையிலேயே ஒருமுறை இழுத்துப் பார்த்து, கழன்றால் மட்டும் வாங்குங்கள்.