மைனஸ் 0.4 என்ன சொல்கிறது?

பி.எஸ்சி. உளவியல் படிக்கிறேன். தெரிந்த தோழிகள் 40 பேரிடம், இரவில் கைப்பேசி பார்க்கும் நேரத்தையும் தூங்கும் நேரத்தையும் கேட்டு எழுதினேன். ஒட்டுறவுக் கெழு மைனஸ் 0.4 வந்தது. கைப்பேசிதான் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று புராஜெக்டில் எழுதலாமா? 40 பேர் போதுமா?
– வாசகி, குன்னத்துகால்

எழுதாதீர்கள், வைவாவில் முதல் கேள்வியே அங்கிருந்துதான் வரும். தூக்கம் வராததால் கைப்பேசியை எடுத்தவர்களும் உங்கள் 40 பேரில் இருக்கலாம். தேர்வுப் பயம் இரண்டையும் சேர்த்தே ஆட்டுவித்திருக்கலாம். எது முந்தியது என்பதை ஒரே மூச்சில் கேட்டு வாங்கிய எண்கள் சொல்லாது. "அதிகம் பார்ப்பவர்கள் குறைவாகத் தூங்குகிறார்கள்" என்று எழுதுங்கள், போதும். 0.4-ஐ வர்க்கப்படுத்தினால் 0.16. தூக்க நேர வேறுபாட்டில் 16 சதவீதம்தான் கைப்பேசி நேரத்தோடு ஒத்துப்போகிறது. மிச்சம் 84-க்குக் கைப்பேசியைத் திட்டிப் பயனில்லை!

எண்ணிக்கையை நினைத்துக் கலங்க வேண்டாம். கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், சின்னச் சின்ன மாதிரிகளோடு மல்லுக்கட்டித்தான் 1908-இல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் டி-சோதனைக்கு வழி திறந்தார். அந்தச் சோதனைப்படி, 40 பேருக்குக் கெழு 0.32 இருந்தாலே 5 சதவீத மட்டத்தில் தேறிவிடும். ஆனால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி மைனஸ் 0.63 முதல் மைனஸ் 0.10 வரை நீள்கிறது. அதையும் மறைக்காமல் போடுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்தத் "தெரிந்த தோழிகள்"தான். தோழிகள் ஒரே மாதிரி விழித்திருப்பார்கள். வகுப்புப் பட்டியலை வாங்கிச் சீட்டுக் குலுக்கிப் பெயர் எடுங்கள். நெய்யாற்றின்கரையிலிருந்து பஸ் ஏறுபவர், களியக்காவிளையிலிருந்து வருபவர், ஹாஸ்டல்வாசி எல்லோருக்கும் அப்போதுதான் சம வாய்ப்பு. நேரமில்லையென்றால், இது வசதி மாதிரி என்று ஒரு வரி எழுதிவிட்டு அச்சுக்குக் கொடுங்கள்.