திருவடியின் கலக்கமும் தெளிவும்

தன் உள்ளத்திலும் பிறர் உள்ளத்திலும் எழும் உணர்ச்சியை இன்னதென்று அறிந்து, அதன் காரணத்தையும் உணர்ந்து, அதற்கேற்ப நடந்துகொள்ளும் திறனை இக்கால மனநூலார் ‘உணர்ச்சி நுண்ணறிவு’ என்பர். 1990-ஆம் ஆண்டில் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையில் இதனை வரையறுத்தனர். 1995-இல் டேனியல் கோல்மன் எழுதிய நூலால் இச்சொல் உலகெங்கும் பரவிற்று.

அன்றாடம் எழும் கோபம், அச்சம், துயரம் ஆகியவற்றை நெறிப்படுத்துவதே இவ்வறிவின் பயனாம். எனினும் அறிவு வேறு, நெறிப்படுத்துதல் வேறு. முன்னது நிரம்பியிருந்தும் பின்னது வேளைக்கு வாராமற்போவதுண்டு. இந்நுட்பத்தை ஸ்ரீமத் ராமாயணம் இரண்டு இடங்களில் விளக்குகிறது.

முதலாவது கிஷ்கிந்தையில். மழைக்காலம் கழிந்தும் சுக்ரீவ மஹாராஜர் வாக்கை நிறைவேற்றாமையால், இளையபெருமாள் பெருஞ்சினத்துடன் அந்நகர் புகுந்தார். வானரர் நடுங்கினர். எதிரே வந்தவள் தாரை. சினத்தின் காரணத்தை அவள் பணிவுடன் வினவினாள். நேர்ந்த பிழையை மறைக்கவில்லை. சேனையைத் திரட்ட ஆணை முன்பே பிறந்துவிட்டது என்பதையும் எடுத்துரைத்தாள். பிறர் உள்ளத்தை அறிந்து பேசும் திறன் இதுவே. கம்பநாட்டாழ்வாரோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறார். மங்கல அணி துறந்த தாரையின் கோலத்தைக் கண்டதும், கணவனை இழந்த தம் தாய்மாரை நினைந்து இளையபெருமாள் கண்ணீர் பெருக்கினார் என்கிறார். அங்கே சினம் அமுக்கப்படவில்லை; அது இருந்த இடத்தில் இரக்கம் வந்து அமர்ந்தது.

1998-இல் ஜேம்ஸ் கிராஸ் என்னும் அறிஞர் வெளியிட்ட ஆய்வும் இதற்கு இசைவானது. உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் மறைப்பவருக்கு உள்ளே அது குறைவதில்லை. நிகழ்ச்சியை வேறு நோக்கில் எண்ணிப் பார்ப்பவருக்கோ உணர்ச்சியே தணிகிறது என்று அவர் கண்டார்.

இரண்டாவது இடம் ஸுந்தர காண்டம். இலங்கையை எரித்து, வாலின் தீயைக் கடலில் அணைத்த பின்னரே சிறிய திருவடிக்கு ஓர் எண்ணம் எழுந்தது: ‘இத்தீயில் பிராட்டியும் அகப்பட்டிருந்தால்?’ அறிவுடையோரில் தலைவர் என்று போற்றப்படும் அவரே, கோபத்தின் வசப்பட்டு வந்த காரியத்தையே கெடுத்தோமே என்று தம்மை நொந்துகொண்டார். பிராட்டி இல்லையேல் பெருமாளும், தம்பியரும், மஹாராஜரும் உயிர் தரியார் என்று கலங்கினார்; தம் உயிரையும் விட எண்ணினார்.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. கோபத்தை அடுத்து வந்த இத்துயரமும் உணர்ச்சியே. அதன் வசப்பட்டிருப்பின், கோபத்தால் விளைந்ததாக அவர் அஞ்சிய கேட்டினும் பெரிய கேடு விளைந்திருக்கும். பிராட்டியைக் கண்ட செய்தி பெருமாளை எட்டியிராது. திருவடி அவ்வாறு செய்யவில்லை. முன்பு கண்ட நன்னிமித்தங்களை நினைந்தார். தம் வாலையே சுடாத நெருப்பு பிராட்டியைச் சுடுமோ என்று ஆராய்ந்தார். பிராட்டிக்குத் தீங்கில்லை என்று வானில் சாரணர் வியந்து பேசிய சொல்லைச் செவிமடுத்தார். அதன்பின்னும் நேரில் சென்று பிராட்டியைக் கண்டு தெளிந்த பின்னரே புறப்பட்டார்.

இதில் மூன்று படிகள் உள. எழுந்த உணர்ச்சியை இன்னதென்று ஒப்புக்கொள்ளுதல் முதற்படி. அது காட்டும் செய்தி மெய்யோ என்று ஆராய்தல் இரண்டாம் படி. நேரில் கண்டு தெளிதல் மூன்றாம் படி. இம்மூன்றும் பெரிய ஆபத்து நேரும் நாளில் திடீரென்று கைவருவன அல்ல. சிறியவற்றில் பழகியவருக்கே பெரியவற்றில் உதவும்.

உத்ஸவ காலத்துக் கூட்டமே இப்பயிற்சிக்கு ஏற்ற களம். சேவைக்காக நெடுநேரம் வரிசையில் நிற்பவரைப் பின்னிருப்பவர் ஒருவர் இடித்தால், உடனே கடுஞ்சொல் நாவில் எழும். ‘இது சினம்’ என்று ஒரு கணம் உணர்ந்து, அவரும் தள்ளப்பட்டாரோ என்று எண்ணி, திரும்பிப் பார்த்தால் தோளில் குழந்தையுடன் தடுமாறும் ஒருவர் தென்படக்கூடும். அப்போது சொல்ல வந்த சொல் மறைந்து, தாங்கக் கை நீளும். இல்லத்தில் மாமியார் மருமகளிடையேயும், தந்தை மகனிடையேயும் இதே முறை பயன்படும்.

கோபம் எழாதவர் இலர். எழுந்ததை அறிந்து திருத்திக்கொள்வதே சிறப்பு என்பதைத் திருவடியின் சரிதம் காட்டுகிறது. ஸுந்தர காண்டத்தைப் பாராயணம் செய்யும் அன்பர்கள் இப்பகுதியில் சற்றே நின்று சிந்திப்பார்களாக.