பயோமாஸ் மின் நிலையமும் ஊரார் எதிர்ப்பும்
பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கு ஒரு பாடம்

ஊருக்குப் புதிய ஆலை ஒன்று வரப்போகிறது என்ற செய்தி பரவியவுடன் இரண்டு குரல்கள் எழுவது இயல்பு. "பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்" என்பது ஒன்று. "ஊர் பாழாகிவிடும்" என்பது மற்றொன்று. அபிவிருத்திப் பணியில் சேர்ந்த புதிதில், முதற்குரலை அறிவு என்றும் இரண்டாவதை அறியாமை என்றும் நாம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் பிழையானது என்பதைக் கிராம சபைகளே நமக்குக் கற்பித்தன. எதிர்ப்பவர் உள்ளத்தில் பெரும்பாலும் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு விடையளிப்பார் இல்லாதபோதுதான் அது கோஷமாக மாறுகிறது.

இதனை விளக்க, வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையேயுள்ள கிள்ளைப் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்கே 10 மெகாவாட் பயோமாஸ் மின் நிலையம் ஒன்றை அமைக்க யாரேனும் முன்வருவதாகக் கருதுவோம். விவசாயக் கழிவையும் விறகையும் எரித்து, கொதிகலனில் நீராவி உண்டாக்கி, அதனால் சுழலியைச் சுற்றி மின்சாரம் எடுப்பதே இதன் முறை. நிலக்கரியைத் தோண்ட வேண்டியதில்லை. வயலில் விளைவதே எரிபொருளாகிறது. ஆதலின் இது நல்ல திட்டமாகவே தோன்றும். ஆயினும் பஞ்சாயத்து உறுப்பினர் நான்கு கணக்குகளைப் போட்டுப் பார்த்தல் வேண்டும்.

முதற்கணக்கு எரிபொருள்

ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 1.25 கிலோ எரிபொருள் தேவை என்று கொள்வோம். 10 மெகாவாட் நிலையம் ஆண்டில் 300 நாட்கள் இயங்கினால் 7 கோடியே 20 இலட்சம் யூனிட் கிடைக்கும். அதற்கு 90,000 டன், அதாவது நாளொன்றுக்கு 300 டன் எரிபொருள் வேண்டும். ஏக்கருக்கு 2 டன் வைக்கோல் எனக் கணக்கிட்டால், 45,000 ஏக்கரின் வைக்கோல் முழுவதும் இதற்கே போய்விடும். வைக்கோலின் சாம்பல் கொதிகலனில் கட்டியாகப் படிவதால், ஆலைகள் பெரும்பாலும் சவுக்கு, சீமைக் கருவேல் முதலிய மரங்களையும், உமி, கடலைத்தோல் ஆகியவற்றையும் நாடும்.

இங்கே ஒன்றை நன்கு சிந்திக்க வேண்டும். ஆலைக்காரர் "கழிவு" என்று அழைப்பது ஊரில் எல்லோருக்கும் கழிவன்று. நிலமுடையவருக்கு மிஞ்சும் வைக்கோல், நிலமற்ற ஏழைப் பெண்ணின் ஒரே கறவை மாட்டுக்குத் தீவனம். வெட்டிய சவுக்குத் தோப்பில் சிதறிக் கிடக்கும் மிளாறு, அவள் அடுப்புக்கு விறகு. ஆலை வந்தால் இவற்றுக்கு விலை ஏற்படும். அவ்விலை விற்பவருக்கு இலாபமாகவும், இதுவரை இலவசமாகவோ மலிவாகவோ பெற்றவருக்கு நஷ்டமாகவும் முடியும். ஊர் இரண்டாகப் பிரிவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். ஆகவே, நிலமற்றவர் அபிப்பிராயத்தைக் கேளாமல் நிறைவேற்றும் தீர்மானம் ஊராரின் தீர்மானம் ஆகாது.

இரண்டாவது கணக்கு நீர்

நீரால் குளிர்விக்கும் முறையில் 10 மெகாவாட் நிலையத்துக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 இலட்சம் லிட்டர் நீர் செலவாகும். தலைக்கு 55 லிட்டர் வீதம் 18,000 பேருக்குக் குடிநீர் வழங்க அது போதும். கடலோரத்தில் ஆழ்துளைக் கிணறுகளால் அளவுக்கு மேல் நீரை இறைத்தால், நன்னீர் மட்டம் தாழ்ந்து உப்புநீர் உட்புகும். ஒரு முறை உவர்ந்த கிணற்றை மீட்பது எளிதன்று. காற்றால் குளிர்விக்கும் முறையும் உண்டு. செலவு கூடினும் அதில் நீர்த்தேவை மிகக் குறையும். "எந்த முறை?" என்று கேட்பது உறுப்பினரின் கடமை.

மூன்றாவதும் நான்காவதும் சாம்பலும் பாதையும்

விறகு எரிந்தால் மிஞ்சும் சாம்பல் சொற்பம். உமியானாலோ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாகும். 300 டன் உமிக்கு நாள்தோறும் 60 டன் சாம்பல்! அது எங்கே கொட்டப்படும்? செங்கற்சூளைக்குப் போகுமா, காற்றில் பறந்து நாற்றங்காலில் படியுமா? புகைபோக்கியில் தூசியைப் பிடிக்கும் கருவி உண்டா? இனி, 300 டன் சரக்கைக் கொணர 10 டன் லாரிகள் நாளுக்கு 30 வந்து திரும்பவேண்டும். பள்ளிப் பிள்ளைகள் நடக்கும் கிராமப் பாதை அதனைத் தாங்குமா?

கிள்ளைக்கு மற்றொரு பொறுப்பும் உண்டு. 2004 ஆழிப்பேரலையின் வேகத்தைத் தணித்துப் பல குடியிருப்புகளைக் காத்த பிச்சாவரம் அலையாத்திக் காடு அதன் அருகிலேயே உள்ளது. 2022-ல் அது ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. எரிபொருள் பற்றாக்குறை நேர்ந்தால் கோடரி எத்திசையில் திரும்பும் என்று ஊரார் அஞ்சுவது நியாயமே.

அனுபவம் கூறுவது

கிள்ளைக்கு வடக்கே, வெள்ளாற்றின் மறுபுறம், பரங்கிப்பேட்டையை அடுத்து நிலக்கரி மின் நிலையம் ஒன்றுக்கு 2010-ல் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. அதனை எதிர்த்தோர் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றனர். சுற்றிலுமுள்ள பிற ஆலைகளோடு சேர்த்து ஒட்டுமொத்த பாதிப்பை ஆராய்ந்து, அனுமதியை மறுபரிசீலனை செய்யுமாறு 2012 மே மாதத்தில் தீர்ப்பாயம் பணித்தது. பின்னர் நிலையம் கட்டப்பட்டு, அதன் இரு பிரிவுகள் 2015, 2016-ஆம் ஆண்டுகளில் இயங்கத் தொடங்கின. முறையாகக் கேட்ட கேள்விக்கு மதிப்புண்டு. எனினும் அனுமதிக்கு முன்னரே அது கேட்கப்படுவது சாலச் சிறந்தது. இதுவே நாம் கொள்ளத்தக்க படிப்பினை.

இத்தகைய எதிர்ப்பு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், ஆஸ்துமா நோய் மிகுந்த ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் மரத்தை எரிக்கும் 35 மெகாவாட் நிலையத்தை மக்கள் பத்தாண்டுக்கு மேல் எதிர்த்தனர். 2021 ஏப்ரலில் மாநிலச் சுற்றுச்சூழல் துறை அதற்களித்த அனுமதியை ரத்துச் செய்தது.

மறுபுறம், கோயம்புத்தூர் மாவட்டத்து ஓடந்துறைப் பஞ்சாயத்து, குடிநீர் இறைப்பதற்கென 9 கிலோவாட் அளவில் மரக்கழிவு எரிவாயுக் கலனைத் தானே நிறுவியது. 2006-ல் 350 கிலோவாட் காற்றாலையையும் அமைத்தது. அங்கே அளவையும் தேவையையும் முடிவு செய்தது ஊரே.

சட்டம் தரும் இடம்

2006-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைக்கு 2009-ல் செய்யப்பட்ட திருத்தம், 15 மெகாவாட் வரையுள்ள பயோமாஸ் நிலையங்களுக்கு முன் அனுமதியிலிருந்து விலக்களித்தது. ஆகவே இவற்றுக்குப் பொது விசாரணை தானாக நடைபெறும் என்று காத்திருத்தல் கூடாது. எனினும் 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டம், 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டம் ஆகியவற்றின்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு வேண்டும். ஆலை கட்டவும் இயந்திரம் நிறுவவும் ஊராட்சியிடம் அனுமதி பெறும் விதியை 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வகுத்தது. ஆவணங்களின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கோரினால், பொதுவாக 30 நாட்களுக்குள் விடையளிக்க வேண்டும்.

ஆதலின் உறுப்பினர்கள் செய்யவேண்டுவது யாதெனில், எரிபொருள், நீர், சாம்பல், பாதை ஆகிய நான்கையும் பற்றிய கேள்விகளை எழுதி, ஆலை நிறுவ வருபவரிடம் எழுத்து மூலமான விடை பெறுதல். அவ்விடைகளைக் கிராம சபையில் யாவரும் கேட்கப் படித்தல். கறவை மாடு வளர்ப்போரையும் மீனவரையும் கூலித் தொழிலாளரையும் பேசச் செய்தல். பின்னரே தீர்மானத்தைப் பதிவு செய்தல். விடை திருப்தியாயின், நிபந்தனைகளைக் குறித்து ஆலையை வரவேற்கலாம். இல்லையேல், காரணங்களைக் குறித்து மறுக்கலாம். எம்முடிவாயினும் தீர்மானப் புத்தகத்தில் காரணம் எழுதப்பட்டிருக்க வேண்டும். நாளை ஒரு கிணறு உவர்ந்தால், அன்று நாம் என்ன கேட்டோம், அவர்கள் என்ன ஒப்புக்கொண்டார்கள் என்பதற்கு ஊரின் கையில் அதுவே சான்றாகும்.