காந்தாரம் இல்லாத றொக்

கேள்வி: 'அகம்' குழுவின் முதல் அல்பத்திலிருந்த றொக் வேகம் இரண்டாவதில் குறைந்துவிட்டது என்கிறார்களே, சரியா?
- வாசகர் ஒருவர், கொழும்புத்துறை

பதில்: வேகம் குறைந்தது உண்மை. அதை வீழ்ச்சி என்பதுதான் தவறு.

பெங்களூரில் 2003இல் தொடங்கிய இக்குழுவின் முதல் அல்பம், 'தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்', 2012இல் வந்தது. அதிலுள்ள 'ஸ்வான்ஸ் ஒஃப் சரஸ்வதி', தியாகராஜரின் 'பண்டுரீதி' கீர்த்தனைதான். இராகம் ஹம்சநாதம், அதில் காந்தாரம் கிடையாது. சட்ஜமத்தின் மேல் மேஜர், மைனர் கோட் எதைக் கட்டவும் காந்தாரம் வேண்டும். றொக் கிற்றாரின் பவர் கோட்டுக்கோ சட்ஜமமும் பஞ்சமமும் போதும். அதனால் கிற்றார் எவ்வளவு அதிர்ந்தாலும் இராகத்துக்குச் சேதமில்லை. பாடகர் ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரல் அந்த அதிர்வுக்கு மேலே நின்று பிருகா பேசுகிறது.

 

2017இல் வந்த இரண்டாவது அல்பமான 'எ ட்ரீம் டு ரிமெம்பர்' ஆறுதலாக விரிகிறது. 'மிஸ்ட் ஒஃப் கப்ரிகோன்' பாட்டில் நளினகாந்தி இராகத்தின் 'மனவியாலகிஞ்சர' கீர்த்தனை மெல்ல மெல்லத்தான் திரள்கிறது. அவசரக் காதுக்கு அது சலிப்பு. தெட்சணாமூர்த்தியின் தவிலை விடியவிடியக் கேட்ட யாழ்ப்பாணக் காதுக்கு இந்தப் பொறுமை பழக்கமானதே! எடுப்புக்கு முதல் அல்பம், ஆழத்துக்கு இரண்டாவது. ஒன்றை மட்டும் தெரிவதானால், இரண்டாவதையே எடுங்கள்.