கட்டுமரமும் அதன் கட்டும்

கட்டிய மரமே கட்டுமரம். அதைப் புதுப்பிக்கும் முறையும் இப்பெயரிலேயே அடங்கியுள்ளது என்பேன்.

இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளில் பாய் விரித்து மீன்பிடித்த கட்டுமரத்திற்கு உயிர் கயிற்றுக்கட்டே. கரை சேர்ந்ததும் கட்டினை அவிழ்த்து, நீர் ஊறிய மரங்களை மீனவர் வெயிலில் உலர்த்தினர். ஆதலால் ஒரு மரம் உளுத்தால் அதை மட்டும் மாற்றிக் கட்டலாம்.

துறைமுகம் அமையுமுன், கப்பலுக்கும் சென்னைக் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் சுமந்த மசூலாப் படகும் இத்தகையதே. அதன் பலகைகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. கரையலை மோதும்போது ஆணியடித்த பலகை பிளக்கும். தைத்த பலகை வளைந்துகொடுக்கும். எனவே பழைய படகைப் புதுப்பிப்போர் ஆணியறைந்து சீர்செய்தால், உருவம் நிற்குமேயன்றி அதன் இயல்பு நிற்காது.

சென்னை மாகாண மீன்துறை இயக்குநராயிருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இந்தியப் படகுகளின் அமைப்பை ஆராய்ந்து 1920இல் எழுதினார். அளவுகளை ஏட்டில் காணலாம். கயிற்றை எவ்வளவு இறுக்குவது என்பதைக் கைப்பழக்கமே கற்பிக்கும். 2004 ஆழிப்பேரலைக்குப்பின் கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. கட்டத் தெரிந்த பெரியவர்கள் நம்மிடையே உள்ளபோதே, மாணவராகிய நாம் அவர்களிடம் சென்று, அக்கட்டுமுறையைப் படமாகவும் எழுத்தாகவும் பதிவுசெய்வோமாக.